முத்துக்குளித்தல்

தூத்துக்குடியைச் சார்ந்த கடற்கரைக்கு முத்துக்குளித்துறை என்பது பழம்பெயர். அங்குக் குளிப்பது முத்தா, மனிதனா என்று மாணவர் சிலர் வினவுதல் உண்டு. இவ்வினா நகைத்தற்குரியதன்று. ஒரு சொல்லின் பழம்பொருளை நாம் மறந்தமையால் எழுந்ததே அஃது.

குளித்தல் என்றவுடன் உடலழுக்கு நீங்க நீராடுதலே இன்று நம் நினைவுக்கு வருகின்றது. பண்டைத் தமிழிலோ அச்சொல்லுக்கு மூழ்குதல், உட்புகுதல், மறைதல் என்னும் பொருள்களும் உண்டு. பகைவன் மார்பில் அம்பு ஆழத் தைத்ததனையும் புலவர் 'குளித்தது' என்றே கூறுவர். அம்பு அங்கே நீராடவில்லையன்றோ? நீருள் முழுதும் அமிழ்ந்து எழுதலே பண்டு நீராடும் முறையாதலின், மூழ்குதலைக் குறித்த சொல் நீராடுதலுக்கும் ஆயிற்று. முழுகுதல் என்னும் சொல்லும் இவ்வழியே வந்தது. கப்பல் முழுகிற்று என்கிறோம்; எண்ணெய் தேய்த்துத் தலைமுழுகினான் என்றும் சொல்கிறோம்.

உடலைக் குளிர்வித்தலே குளித்தலாயிற்று என்பார் சிலர். கேட்பதற்கு இனிய விளக்கந்தான். ஆயினும் அம்புக்கும் முத்தெடுப்பானுக்கும் அது பொருந்தாது. கயிற்றில் கட்டிய கல்லின் கனத்தால் பல பாகம் ஆழம் இறங்கி, மூச்சடக்கி, 'பார்' எனப்படும் கடலடிப் பாறைத் திட்டில் சிப்பிகளை அள்ளிப் பையிலிட்டு, ஏறத்தாழ ஒரு நிமிடத்திற்குள் மேலே வருபவன் அவன். மேலே தோணியில் கயிறு பிடித்திருப்பவனிடத்தே அவனுயிர் உள்ளது. அவன் குளிர்ச்சி நாடியா இறங்கினான்?

போர்ச்சுகீசியர் இக்கரையைப் 'பெஸ்காரியா' என்றனர். மீன்பிடிப்பு என்பது அதன் பொருள். மீனுக்கும் முத்துக்கும் வேறுபாடு தோன்றாத பெயர் அது. தமிழ்ப்பெயரோ கடலுள் மூழ்கும் மனிதனின் செயலையே சுட்டி நிற்கின்றது.

தூத்துக்குடிப் பார்களில் முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றது. 1973இல் அந்நகரத்து ஆய்வாளர் சிப்பியை வளர்த்து அதனுள் முத்தை விளைவித்தனர்.  எனினும் சொல் மாயவில்லை. கடலடியில் சங்கெடுப்போர் தம் தொழிலை இன்றும் சங்குகுளித்தல் என்றே வழங்குகின்றனர். அவருட் பலர் இப்பொழுது மூச்சடக்கி இறங்குவதில்லை. தோணியிலுள்ள பொறியிலிருந்து வரும் குழாய்வழியே காற்றுப் பெறுகின்றனர். அதனால் நெடுநேரம் ஆழத்தில் தங்கி விரைந்து மேலேறுவோர் கைகால் முடங்குதலும் உயிரிழத்தலும் உண்டு.