நோட்டில் முதன்முதலாகக் கையெழுத்திட்ட கவர்னர்

நம் கல்லாவுக்கு வரும் நோட்டில் கிழிசல் இருக்கிறதா, கள்ள நோட்டா என்று பார்க்கிறோமே தவிர, கவர்னரின் கையெழுத்தை நாம் பார்ப்பதில்லை. ரிசர்வ் வங்கி நோட்டில் முதன்முதலாகக் கையெழுத்துப் போட்டவர் சர் ஜேம்ஸ் டெய்லர் என்ற வெள்ளைக்காரர். வணிகர்களாகிய நாம் இவரைத் தெரிந்துகொள்ளக் காரணம் உண்டு. நம் பாட்டனார் காலத்தில் வெள்ளி ரூபாயை நம்பி நடந்த வியாபாரம், காகிதத்தை நம்பி நடக்கும் வியாபாரமாக மாறியது இவர் காலத்தில்தான்.

ரிசர்வ் வங்கி 1.4.1935-இல் தொடங்கியது. முதல் கவர்னர் சர் ஆஸ்போர்ன் ஸ்மித் என்ற ஆஸ்திரேலியர். அரசின் நிதி உறுப்பினருடன் ஒத்துப்போகாமல் 1937-இல் விலகிவிட்டார். வங்கி அதுவரை தன் பெயரில் நோட்டு வெளியிடாததால் அவர் கையெழுத்து எந்த நோட்டிலும் இல்லை. 1.7.1937-இல் டெய்லர் கவர்னரானார். 1891-இல் பிறந்து, ஐ.சி.எஸ். தேறி, கரன்சி கன்ட்ரோலராக இருந்தவர். ரிசர்வ் வங்கிச் சட்டம் தயாரான வேலையிலும் பங்கெடுத்தவர். 1938 ஜனவரியில் ஆறாம் ஜார்ஜ் மன்னர் படத்துடன் ஐந்து ரூபாய் நோட்டு வெளிவந்தது. அவ்வாண்டு ஜூனுக்குள் பத்து, நூறு, ஆயிரம், பத்தாயிரம் எல்லாம் வந்துவிட்டன.

பதவியேற்ற இரண்டாம் மாதமே, 1937 ஆகஸ்டில், அவர் காலத்து வங்கி ஒரு திட்டத்தை வெளியிட்டது. அது நேராக நம்மவர்களைப் பற்றியது. உண்டியல் கடை வைத்திருந்த நாட்டுக்கோட்டை நகரத்தார், குஜராத்தி சராப்கள், முல்தானிகள் ஆகியோரை ரிசர்வ் வங்கியுடன் இணைப்பது என்பதே திட்டம். இணைந்தால் தங்கள் உண்டியல்களை ரிசர்வ் வங்கியிலேயே வட்டம் கழித்து மாற்றிக்கொள்ளலாம். அன்று வங்கி விகிதம் 3 சதவீதம்தான்! ஆனால் மூலதனம் குறைந்தது 2 லட்சம் வேண்டும், அதை ஐந்து ஆண்டுகளில் 5 லட்சமாக்க வேண்டும், கணக்கைத் தணிக்கை செய்து காட்ட வேண்டும் என்றார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, லேவாதேவி தவிர்த்த வியாபாரம் எதுவும் செய்யக் கூடாது என்றார்கள்.

நெல்லும் எண்ணெய் வித்தும் வாங்கி விற்றுக்கொண்டே உண்டியலும் எழுதுபவர் நம்மவர். ஒரு கையை வெட்டிக்கொண்டு வா என்றால் யார் போவார்? பேரேட்டை அடுத்தவருக்குத் திறந்து காட்டும் வழக்கமும் அன்று இல்லை. திட்டம் அப்படியே நின்றுபோனது. டெய்லரைக் குறை சொல்லிப் பயனில்லை. பிறர் பணத்தை வைப்பாக வாங்குபவர் அதே பணத்தில் சரக்கைப் பிடித்து வைத்தால், விலை சரியும் நாளில் வைப்புக்காரர் கதி என்ன என்ற அவருடைய கவலையும் நியாயமானதே. ஆனால் பேசி, ஒரு படி இறங்கி வந்திருக்கலாம் என்பது நம் அபிப்பிராயம். இணைந்திருந்தால் சிறு வியாபாரிக்கும் குறைந்த வட்டிக்குக் கடன் கிடைத்திருக்கும்.

அந்தக் கவலை வீண் அல்ல என்பது மறு ஆண்டே தெரிந்தது. 1938 ஜூனில் திருவாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் வங்கி பணம் கொடுப்பதை நிறுத்தியது. தெற்கே பல ஊர் வியாபாரிகளின் சேமிப்பு முடங்கியது. வங்கிகளை ஒழுங்குபடுத்தத் தனிச் சட்டம் வேண்டுமென்று 1939 நவம்பரில் ரிசர்வ் வங்கி அரசுக்கு யோசனை அனுப்பியது. யுத்தம் குறுக்கிட்டதால் அந்தச் சட்டம் 1949-இல்தான் வந்தது. அதற்குள் மூழ்கிய சிறு வங்கிகள் பல.

அடுத்தது வெள்ளி. பழைய ரூபாயில் 12 பங்குக்கு 11 பங்கு வெள்ளி. எடை சரியாக ஒரு தோலா. மூன்று ரூபாய் எடை ஒரு பலம் என்று மளிகைக் கடைத் தராசில் ரூபாயே படிக்கல்லாக இருந்த காலம் அது. 1940 ஜூனில் பிரான்ஸ் தோற்றதும் மக்கள் நோட்டைக் கொடுத்து வெள்ளி ரூபாய் வாங்கிப் பதுக்க முண்டியடித்தார்கள். 25.6.1940-இல், தேவைக்கு மேல் நாணயம் சேர்ப்பது குற்றம் என்று அரசு உத்தரவு போட்டது. தொடர்ந்து ஒரு ரூபாய் நோட்டு வந்தது. புது ரூபாயில் வெள்ளி பாதியாகக் குறைந்தது. விக்டோரியா ராணி ரூபாய் 31.3.1941-க்குப் பின் செல்லாது என்றார்கள். செல்லாது என்ற பிறகும் அதை யாரும் தூக்கி எறியவில்லை, பெட்டியின் அடியில் வைத்துக்கொண்டார்கள்!

யுத்தத்துக்காக இங்கிலாந்து இங்கே வாங்கிய சரக்குக்குப் பணம் லண்டனில் பவுனாக வரவு வைக்கப்பட்டது. அதை ஈடாகக் காட்டி இங்கே நோட்டு அடித்தார்கள். 1939-இல் சுமார் 180 கோடியாக இருந்த நோட்டுப் புழக்கம், டெய்லர் காலம் முடிவதற்குள் மூன்று மடங்கைத் தாண்டியது. சரக்கு பெருகவில்லை, விலைதான் ஏறியது. சில்லறைத் தட்டுப்பாடு வேறு. தபால் தலையை மீதிச் சில்லறையாகக் கொடுத்ததாக நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். இன்று சாக்லேட் கொடுக்கிறோம். செம்பை மிச்சப்படுத்த 1943-இல் வந்ததுதான் ஓட்டைக் காலணா.

அதைப் பார்க்க டெய்லர் இருந்தாரா தெரியாது. 17.2.1943-இல் பதவியில் இருக்கும்போதே இறந்துவிட்டார். வயது 51. மறு மாதம் முதன்முதலாக வெளிவந்த இரண்டு ரூபாய் நோட்டில் அவர் கையெழுத்துதான் இருந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் சி.டி. தேஷ்முக் கவர்னரானார். அப்பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவர்.