ஒரு கூட்டல் தப்பு... ஐம்பது வருஷம்!

கோட்டூர்புரத்தில் குளிர் என்றால் எது? மார்கழி காலையில் பால் பாக்கெட் வாங்க வருகிற பெரியவர் மஃப்ளரைக் காதோடு சுற்றிக்கொண்டு, 'இந்த வருஷம் ஜாஸ்திதான் சார்' என்பாரே, அதுதான். தெர்மாமீட்டரைப் பார்த்தால் இருபது டிகிரி காட்டும். அந்த இருபது டிகிரிக்கு நார்வேக்காரன் சட்டையைக் கழற்றிவிட்டு வெயில் காய்வான்!

அதைவிட்டால் 2010-ல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகம். உள்ளே ஏ.சி. போடும் போடில், படிக்கப் போகிறவர்கள் ஸ்வெட்டரும் எடுத்துக்கொண்டு போகலாம். இன்னும் பின்னால் போனால், 1840-களில் அமெரிக்காவிலிருந்து கப்பலில் ஐஸ் கட்டி கொண்டுவந்து கடற்கரையில் 'ஐஸ் ஹவுஸ்' கட்டி விற்றார்கள். அது துரைமார்களின் கிளாஸில் கரைந்துபோயிற்று. நமக்கும் பனிக்கும் உள்ள உறவு இவ்வளவுதான்.

அப்படியிருக்க, எவனோ எங்கேயோ பனியில் சறுக்கினதைப் பற்றி நமக்கு என்ன என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். நான் பி.காம். காலில் பலகையைக் கட்டிக்கொண்டு சறுக்குவதைப் பற்றி அட்வைஸ் தருகிற தகுதி எனக்கு இல்லை. ஆனால், ஒரு டோட்டல் தப்பாகி, அது ஐம்பது வருஷம் யார் கண்ணிலும் படாமல் இருந்தது என்றால் என் காது விடைத்துக்கொள்ளும். லெட்ஜரோடு மாரடிக்கிற உங்களுக்கும் விடைக்கும்.

வருஷம் 1924. பிரான்ஸ் நாட்டில் மோன் பிளாங் மலையடிவாரத்தில் ஷமோனி என்று ஒரு ஊர். ஜனவரி 25-ம் தேதி அங்கே 'பனி விளையாட்டு வாரம்' என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். ஒலிம்பிக் என்று பெயர் வைக்கவில்லை. வைத்தால் ஸ்வீடனும் நார்வேயும் கோபித்துக்கொள்ளும். பனி விளையாட்டு எங்க வீட்டுச் சொத்து, அதை ஒலிம்பிக்கில் ஏன் சேர்க்கவேண்டும் என்பது அவர்கள் கட்சி. நடந்து முடிந்து, நார்வே பதக்கங்களைக் கூடை கூடையாக அள்ளிக்கொண்டு போன பிறகு, அந்தக் கோபம் கொஞ்சம் தணிந்தது. (தணியாதா பின்னே!) அதற்கப்புறம்தான் ஷமோனிக்கு 'முதல் குளிர்கால ஒலிம்பிக்' என்று பட்டம் கட்டினார்கள். பெண் பார்க்கிற சமாசாரம் போலத்தான். முதலில், 'சும்மா கோயிலுக்கு வந்தோம்' என்பார்கள். எல்லாம் கூடி வந்த பிறகு, 'அன்னிக்கே முடிவு பண்ணிட்டோம்' என்பார்கள்.

16 நாடுகள் வந்தன. ஸ்கேட்டிங்கில் நார்வேயிலிருந்து பதினோரு வயதுப் பொண்ணு ஒன்று வந்து கடைசியாக வந்தது. பெயர் சோன்யா ஹெனி. பிற்பாடு மூன்று ஒலிம்பிக் தங்கம் வாங்கி ஹாலிவுட்டில் ஹீரோயினாகவும் ஆன அதே சோன்யா ஹெனிதான். அது தனிக் கதை. நம்ம கதையின் ஹீரோ தோர்லைஃப் ஹாக்.

ஹாக் நார்வேயில் ட்ராமன் நகரத்துக்குப் பக்கத்து ஊர்க்காரர். அப்போது வயது 29. ஜனவரி 30-ம் தேதி 50 கிலோமீட்டர் பனி ஓட்டம். நம் கணக்கில் சொன்னால், கோட்டூர்புரத்தில் கிளம்பி ஏறக்குறைய மகாபலிபுரம் வரைக்கும், ரோடு முழுக்க மேடும் பள்ளமுமாக, காலில் நீளப் பலகையோடு! 3 மணி 44 நிமிஷம் 32 செகண்டில் முடித்துத் தங்கம் வாங்கினார் ஹாக். ஒன்றே முக்கால் நிமிஷத்துக்குச் சற்று அதிகமான வித்தியாசத்தில் இரண்டாவது வந்தவர் தோரால்ஃப் ஸ்ட்ரோம்ஸ்டாட். அவரும் நார்வே. இந்த ஸ்ட்ரோம்ஸ்டாட்டை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

பிப்ரவரி 2-ம் தேதி 18 கிலோமீட்டர். தாம்பரம் வரைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிலும் ஹாக் முதல்.

அடுத்ததுதான் 'நார்டிக் கம்பைண்ட்' என்கிற விநோதம். பெயரில் இருக்கிறபடியே இரண்டு விளையாட்டுகளைச் சேர்த்துக் கட்டினது. ஒன்று, பனியில் நீண்ட ஓட்டம். இரண்டாவது, மலைச்சரிவில் கட்டின சறுக்குமேடையிலிருந்து விர்ரென்று வந்து ஆகாயத்தில் பறந்து, கீழே விழாமல் இறங்குவது. ஓட்டத்துக்கு எருமை மாதிரி தம் வேண்டும். பறப்பதற்குப் பூனை மாதிரி உடம்பு வேண்டும். காலையில் லாரி ஓட்டி, சாயந்திரம் பரதநாட்டியம் ஆடு என்கிற மாதிரி. இரண்டிலும் தேறுகிறவன்தான் நிஜமான பனிச்சறுக்கு வீரன் என்பது நார்வேக்காரர்களின் சித்தாந்தம்.

இங்கேதான் கணக்குப்பிள்ளை உள்ளே வருகிறார். ஓட்டத்தை நிமிஷத்தில் அளக்கிறோம். பறந்ததை மீட்டரில் அளக்கிறோம். போதாதற்கு, 'எவ்வளவு அழகாகப் பறந்தான்' என்று நடுவர்கள் வேறு மார்க் போடுவார்கள். நிமிஷத்தையும் மீட்டரையும் அழகையும் எப்படிக் கூட்டுவது? எல்லாவற்றையும் 20-க்கு இத்தனை என்று மார்க்காக மாற்று, ஓட்ட மார்க்கையும் பறந்த மார்க்கையும் சேர்த்து சராசரி எடு. அவ்வளவுதான் அந்தக் காலத்து ஃபார்முலா. ஹாக்குக்கு வந்த சராசரி 18.906. தங்கம். வெள்ளி யாருக்கு? மறுபடியும் நம்ம ஸ்ட்ரோம்ஸ்டாட். ஒரே வாரத்தில் ஒரே ஆளுக்குப் பின்னால் இரண்டு முறை இரண்டாவது! பிரமோஷன் லிஸ்டில் எப்போதும் ஒரே ஆளுக்கு அடுத்த சீட்டில் உட்கார்ந்திருக்கும் அன்பர்களுக்கு அவர் மனசு புரியும். மூன்றாவதும் நார்வே, நான்காவதும் நார்வே.

(இப்போது இந்தத் தலைவலி இல்லை. குந்தர்சன் என்ற நார்வேக்காரர் ஒரு வழி கண்டுபிடித்தார். முதலில் பறக்கவிடு. யார் அதிக மார்க்கோ அவன் முதலில் ஓட ஆரம்பிக்கட்டும், மற்றவர்கள் மார்க் குறைந்த அளவுக்கு இத்தனை செகண்ட் கழித்துக் கிளம்பட்டும். கடைசியில் கோட்டை யார் முதலில் தொடுகிறானோ அவனே ஜெயித்தவன். பார்க்கிறவனுக்குப் பேப்பர், பென்சில் தேவையில்லை. ஒலிம்பிக்கில் 1988 முதல் இதுதான் முறை. இன்னொரு சங்கதி: குளிர்கால ஒலிம்பிக்கில் பெண்களுக்கு இடமே கொடுக்காத ஒரே விளையாட்டு இது. 2026 போட்டியிலும் சேர்ப்பதில்லை என்று 2022-ல் முடிவெடுத்தார்கள். காரணம் கேட்டால் போதுமான நாடுகள் இல்லை, பார்க்க ஆள் இல்லை என்கிறார்கள். சேர்த்தால்தானே சார் ஆள் வரும்!)

ஷமோனிக்கு வருவோம். பிப்ரவரி 4. தனியாகப் பறக்கும் போட்டி, அதாவது ஸ்கி ஜம்ப். ஹாக் அதிலும் கலந்துகொண்டார். முதல் இடம் யாக்கோப் துல்லின் தாம்ஸ். (இந்த ஆள் 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் பாய்மரப் படகு ஓட்டி வெள்ளி வாங்கினார். ஆகாயம் போரடித்துவிட்டது போலிருக்கிறது.) இரண்டாவது போனா. அவருடைய முழுப்பெயர் நார்வே போனா. மூன்றாவது ஹாக், 18.000 மார்க். நான்காவது, அமெரிக்காவின் ஆண்டர்ஸ் ஹாகன், 17.916.

வித்தியாசம் 0.084.

ஹாகனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். பெயரைப் பார்த்தாலே தெரிகிறது, அவரும் பூர்விகத்தில் நார்வேதான். டெலிமார்க் பிரதேசத்தில் 1888-ல் பிறந்து, இருபது வயதுக்கு மேல் அண்ணன் தம்பியாகக் கப்பலேறி அமெரிக்கா போனவர். பிழைக்கப் போன இடத்தில் பனிச்சறுக்கை விடவில்லை. கொலராடோவில் உலக சாதனை தூரமெல்லாம் தாண்டியிருக்கிறார். ஷமோனிக்கு அமெரிக்க டீமின் கேப்டனாக வந்தபோது வயது 35. அன்றைக்குப் போட்டியில் எல்லாரையும்விடத் தூரமாகத் தாண்டியது அவர்தான். 50 மீட்டர். மவுண்ட்ரோடு எல்.ஐ.சி. பில்டிங்கைப் படுக்கப்போட்டால் வருகிற நீளத்துக்குக் கொஞ்சம்தான் குறைச்சல். ஆனால் ஸ்டைல் மார்க்கில் நடுவர்கள் கை இறுகிவிட்டது. போன நாட்டுக்காக ஆடி, பிறந்த நாட்டுக்காரர்கள் மூன்று பேருக்குப் பின்னால் நாலாவதாக நின்றார் மனுஷன்.

நாலாவது இடத்தைப் போல ஒரு கொடுமை கிடையாது. பத்தாவது வந்தால் 'சும்மா போய்ப் பார்த்துட்டு வந்தேன்' என்று சொல்லிக்கொள்ளலாம். நாலாவது வந்தவன் என்ன சொல்லிக்கொள்வது?

ஹாகன் அமெரிக்கா திரும்பினார். ஹாக் மூன்று தங்கம், ஒரு வெண்கலத்தோடு நார்வே திரும்பினார். 'பனிச்சறுக்கு ராஜா' என்று கொண்டாடினார்கள். பத்து வருஷம் கழித்து, 1934 டிசம்பரில் நிமோனியா வந்து ராஜா இறந்துபோனார். நாற்பது வயதுதான். ட்ராமனில் சிலை வைத்தார்கள். வெண்கலம் வீட்டில் இருந்தது.

இனிமேல்தான் நம் இலாகா.

1974. ஷமோனி நடந்து ஐம்பது வருஷம். அப்போது போன நார்வே டீமில் உயிரோடிருந்தவர்கள் ஒன்றுகூடினார்கள். தலை நரைத்த கிழவர்கள் கூடினால் என்ன செய்வார்கள்? பழைய கதை பேசுவார்கள், பழைய பேப்பர்களைப் புரட்டுவார்கள். அப்படிப் பழைய ரிசல்ட்டைப் பார்த்தவர்களில் நம்ம ஸ்ட்ரோம்ஸ்டாட்டும் ஒருவர். அந்த ஸ்கி ஜம்ப் கணக்கு அவருக்கு இடித்தது. ஹாக்குக்குப் போட்டிருக்கிற மார்க்குகளைக் கூட்டிப் பார்த்தால் 18.000 வரவில்லை. 17.8 சொச்சம்தான் வருகிறது!

எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். தி.நகரில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் நான் ஆர்டிகிள்ஸ் பையன்களோடு கொஞ்ச நாள் உட்கார்ந்திருக்கிறேன். அங்கே ஒரு சீனியர் கிளார்க். எந்த டோட்டலையும் மேலிருந்து கீழே ஒரு தரம், கீழிருந்து மேலே ஒரு தரம் கூட்டுவார். வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால், 'எவனோ இலக்கத்தைத் திருப்பிப் போட்டுட்டான்' என்று சொல்லிவிட்டு வெற்றிலைப் பெட்டியைத் திறப்பார். ரவுண்டாக ஒரு தொகை வந்தால் அவருக்குச் சந்தேகம் வந்துவிடும். '18.000' என்று மூன்று சைபரோடு உட்கார்ந்திருந்த அந்தத் தொகையை அவரிடம் காட்டியிருந்தால் 1924-லேயே பிடித்திருப்பார். ஷமோனியில் அப்படி ஒருவர் இல்லாமல் போய்விட்டார். கால்குலேட்டர் இல்லாத காலம், குளிரில் விறைத்த விரல், பேப்பரில் மூன்று தசம ஸ்தானம்... தப்பு வந்ததில் ஆச்சரியமில்லை. இதில் மோசடி கீசடி எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஆச்சரியம் என்னவென்றால், ரிசல்ட் அச்சாகிப் புத்தகத்துக்குப் புத்தகம் காப்பி அடிக்கப்பட்டும் ஒருத்தரும் திரும்பக் கூட்டிப் பார்க்கவில்லை. அச்சில் வந்துவிட்டால் சரியாகத்தான் இருக்கும் என்கிற நம்பிக்கை நமக்கு மட்டும் சொந்தமில்லை போலிருக்கிறது.

அதையும் கவனியுங்கள். தப்பைச் சொல்லாமல் விட்டிருந்தால் ஸ்ட்ரோம்ஸ்டாட்டுக்கு எந்த நஷ்டமும் இல்லை. தப்பால் லாபம் அடைந்தது சொந்த நாடு. போகப்போவது செத்துப்போன பழைய தோழனின் பதக்கம். அதுவும் தன்னை இரண்டு தடவை ஜெயித்த தோழன். 'பழசைக் கிளறுகிறான், பொறாமை' என்று நாலு பேர் பேசலாம். கிழவர் யோசிக்கவில்லை. யாக்கோப் வோகே என்ற நார்வே விளையாட்டுச் சரித்திரக்காரரிடம் விஷயம் போனது. அவர் மறுபடி கூட்டினார். தப்புதான்! சர்வதேச ஒலிம்பிக் கமிட்டிக்கு எழுதினார்கள். கமிட்டியும் சரி என்று ஒத்துக்கொண்டது. மூன்றாவது இடம் ஹாகனுக்கு, நாலாவது இடம் ஹாக்குக்கு.

ஹாகன் உயிரோடிருக்கிறாரா? இருந்தார்! அமெரிக்காவில், 85 வயதில். 1974 செப்டம்பரில் அவரை ஆஸ்லோவுக்கு வரவழைத்தார்கள். எந்த நாட்டைவிட்டு வாலிபத்தில் கப்பலேறினாரோ அதே நாடு. விழாவில் வெண்கலப் பதக்கத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தவர் ஒலிம்பிக் அதிகாரி இல்லை, ஹாக்கின் மகள். அப்பா போய் நாற்பது வருஷமான வீட்டிலிருந்து அப்பாவின் பதக்கத்தைக் கொண்டுவந்து, 'இது உங்களுடையது' என்று கொடுப்பதற்கு ஒரு மனசு வேண்டும். நம் வீடுகளில் பாகப்பிரிவினை நடந்து முடிந்த பிறகு, தாத்தா பேரில் அடுத்த வீட்டுக்காரருக்கு அரை சென்ட் சேரவேண்டும் என்று தெரிந்தால் என்ன நடக்கும் என்று கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். வக்கீல், வாய்தா, வேலி!

ஹாக்கின் மூன்று தங்கங்களுக்கு ஒரு சேதாரமும் இல்லை. ட்ராமனில் சிலையும் அப்படியே நிற்கிறது.

இந்தியா? குளிர்கால ஒலிம்பிக்கில் நம் கணக்கைத் தொடங்கியவர் ஜெரமி புஜகோவ்ஸ்கி. போலந்து பூர்விகம், வளர்ந்தது இந்தியாவில். 1964-ல் இன்ஸ்புருக்கில் மலையிறக்கப் போட்டியில் இறங்கினார், கோட்டைத் தொடவில்லை. 1998-ல் நகானோவில் சிவ கேசவன் சறுக்குவண்டியில் போனதைப் பேப்பரில் படித்திருப்பீர்கள். நார்டிக் கம்பைண்டில் மட்டும் நம் ஆள் ஒருத்தர்கூட இன்னும் இறங்கினதில்லை.

ஹாகன் 1984-ல், 95-வது வயதில் காலமானார். ஐம்பது வருஷம் தாமதமாக வந்த பதக்கத்தைப் பத்து வருஷம் வைத்திருந்தார்.