ஆடிப்பட்டத்துக்கு எந்த விதை?

ஆடி பிறந்துவிட்டால் விதைக் கடையில் கூட்டம் சேரும். பாக்கெட்டில் உள்ள படத்தைப் பார்த்து வாங்குபவர்களே அதிகம். அதைவிட முக்கியம், கீழே சின்ன எழுத்தில் இருக்கும் ரகத்தின் பெயர்.

அவரையையே எடுத்துக்கொள்வோம். பந்தலில் படரும் நாட்டு அவரை, பகல் குறைவதை உணர்ந்து பூக்கும் கொடி. சென்னையில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரந்தான் வித்தியாசம். அதற்கு அதுவே போதும். ஆடியில் ஊன்றினால் ஐப்பசி, கார்த்திகையில் பூவெடுத்து, மார்கழி, தையில் காய்த்துத் தள்ளும். அதையே மாசி, பங்குனியில் ஊன்றினால் பந்தல் நிறைய இலைதான் மிஞ்சும். மாடித் தோட்டக்காரர்களுக்குக் குத்து அவரை ஏற்றது. பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ஜெய், அர்கா விஜய் ரகங்கள் பகலின் நீளத்தைப் பொருட்படுத்தாமல் பூப்பவை. பந்தலும் வேண்டாம்.

வெண்டையில் பார்க்க வேண்டியது நோய். வெள்ளை ஈ பரப்பும் மஞ்சள் நரம்புத் தேமல் வைரஸ் பிடித்தால், இலை நரம்பெல்லாம் மஞ்சளாகி, காயும் வெளிறிவிடும். பூசா சவானி ரகம் ஒரு காலத்தில் இதைத் தாங்கி நின்றது. பிறகு அந்தச் சக்தியை இழந்தது. அதனால் காட்டு உறவினத்தோடு கலப்புச் செய்து அர்கா அனாமிகாவை உருவாக்கினார்கள். எந்த எதிர்ப்பும் நிரந்தரமல்ல என்பதால், உங்கள் ஊரில் இப்போது எது தேமலைத் தாங்குகிறது என்று பக்கத்துத் தோட்டத்தில் விசாரித்து வாங்குவது நல்லது.

அடுத்த ஆண்டுக்கு விதை எடுத்துவைக்கும் எண்ணம் உண்டா? அப்படியானால் 'எஃப் 1' என்று போட்ட வீரிய ஒட்டு விதை வேண்டாம். முதல் தலைமுறை ஒரே சீராகக் காய்க்கும். அதன் விதையில் முளைப்பவை தாய்ச்செடியின் குணத்தைக் கொள்ளாமல் பலவிதமாகப் பிரியும். நாட்டுத் தக்காளி பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே கருவுறுவதால் ரகம் மாறாது. பீர்க்கு, புடலையில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனி. மகரந்தத்தைப் பூச்சிகள் சுமக்கின்றன. ஒரே காயில் இரண்டு ரகம் அருகருகே வைத்தால் விதை கலந்துபோகும்.

கொத்தமல்லிக்கு வெயில் ஆகாது. சூடு ஏறினால் இலை விடுவதை நிறுத்திப் பூக்கத் தொடங்கும். தழைக்கென்று விற்கும் ரகமாக வாங்கி, விதையை இரண்டாக உடைத்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சங்கொஞ்சமாகத் தூவுங்கள். ஒரு தொட்டி பூத்துவிட்டாலும் அடுத்த தொட்டியில் தழை கிடைக்கும்.