மலையின் வடிவமும் கண்மாய்க்கு வரும் வெள்ளமும்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்து மலையடிவாரக் கிராமங்களில், ஊரில் ஒரு துளி மழையுமின்றி ஓடை பெருகி வருவதுண்டு. மழை மேலே மலையில் பெய்திருக்கும். கண்மாய்க் கரையைக் காப்பதற்கு எவ்வளவு அவகாசம் கிடைக்கும் என்பதை, மலையின் வடிவத்தை அளந்து ஓரளவு முன்னதாகவே அறியலாம்.

அய்யனார் கோவில் ஆறும், செண்பகத்தோப்புப் பக்கத்து ஓடைகளும் மேற்குத் தொடர்ச்சி மலையின் கீழ்ச்சரிவில் பிறந்து வைப்பாற்றுப் படுகையில் சேர்பவை. சர்வே இலாகாவின் 1:50,000 அளவுப் படத்தில், முகடுகளின் வழியே கோடிழுத்தால் ஓர் ஓடையின் நீர்பிடிப்பு எல்லை கிடைக்கும்.

அமெரிக்க ஜலசாஸ்திரியான ராபர்ட் ஹார்ட்டன் 1932-ல் வகுத்த கணக்கின்படி, நீர்பிடிப்பின் பரப்பை நீளத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். 20 சதுர கிலோமீட்டர் பரப்பு 10 கிலோமீட்டர் நீண்டிருந்தால் ஈவு 0.2, 5 கிலோமீட்டரே நீண்டிருந்தால் 0.8. பின்னதில் கிளை ஓடைகளின் ஜலம் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வந்து கூடுமாதலால் வெள்ளத்தின் உச்சம் அதிகம். இப்பரப்பில் ஒரு சென்டிமீட்டர் மழை என்பது 2 லட்சம் கனமீட்டர் ஜலம். அதில் ஒரு பகுதியைக் காட்டு மண் உறிஞ்சிக்கொள்ளும். பாறை வெளிப்பட்ட இடத்தில் பெரும்பாலும் ஓடிவிடும்.

சரிவே யாவற்றினும் முக்கியம். 1940-ல் கிர்ப்பிச் என்பவர் வெளியிட்ட சூத்திரப்படி, 8 கிலோமீட்டர் ஓடை 80 மீட்டர் மட்டுமே இறங்கினால் கோடியிலுள்ள நீர் வந்து சேரச் சுமார் 2 மணி நேரம் ஆகும். 1,200 மீட்டர் இறங்கினால் 41 நிமிஷமே. சிறிய பண்ணை நீர்பிடிப்புகளைக் கொண்டு அமைந்த சூத்திரமாதலால், பெரிய மலைக்கு இதை ஓடைகளை ஒப்பிடும் கருவியாகவே கொள்ளுதல் தகும். அடிவாரத்தில் மழைமானி வைத்து, மழை தொடங்கிய நேரத்தையும் ஓடை பெருகிய நேரத்தையும் இரண்டொரு பருவம் குறித்து வந்தால் கணக்கு திருத்தம் பெறும்.

கூடுதல் ஜலம் தேக்க விரும்பி, மறுகாலை மண்ணும் கல்லும் இட்டு உயர்த்துவோர் உண்டு. தூரத்து ஓடையால் நிரம்பும் கண்மாயில் அதை அகற்ற நேரம் கிடைக்கலாம். செங்குத்தான ஓடை நேரே விழும் கண்மாயிலோ, செய்தி ஊருக்குள் பரவுமுன் கரை உடையும். அத்தகைய கண்மாய்களை இனம் கண்டு, அவற்றின் மறுகால்களைப் புரட்டாசிக்குள் துப்புரவு செய்வித்தல் கிராம நிர்வாக அதிகாரிகளின் முதல் வேலை. வரத்துக்கால் ஆக்கிரமிப்புகளையும் அப்போதே பார்வையிடலாம்.