சுருளிப் பற்றீரியாக்களும் எலிக்காய்ச்சலும்

வயல் நீரில் கண்ணுக்குப் புலப்படாத எண்ணிறந்த பற்றீரியாக்கள் வாழ்கின்றன. அவற்றுட் சில உருண்டையானவை, சில கோல் போன்றவை, சில சுருண்டவை. சுருண்டவற்றுள் ஒன்று கமக்காரரின் உயிருக்கே ஊறு விளைப்பதாதலின், அவ்வினத்தை அறிந்திருத்தல் அவசியமாகும்.

சுருளிப் பற்றீரியாக்கள் இரு பெரும் பிரிவின. ஸ்பிரில்லம் என்பது விறைத்த உடலுடையது. நுனியில் வெளியே நீண்ட இழைகளால் நீந்துவது. ஸ்பைரோகீட் என்பது நெளியும் மெல்லுடலுடையது; அதன் இழைகள் வெளியுறையினுள்ளே உடலைச் சுற்றியிருத்தலால், தச்சரின் துறப்பணம் போலச் சுழன்று செல்லும்.

நோய் தரும் ஸ்பைரோகீட்டுகளுள் முக்கியமானவை மூன்று:

1. ட்ரெபொனீமா: மேகப்புண், பறங்கி ஆகியவற்றை உண்டாக்குவது, மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றுவது. பறங்கிக் கிருமியை 1905ஆம் ஆண்டில் கொழும்பில் கண்டறிந்தவர் காஸ்தெல்லானி என்னும் வைத்தியர்.

2. பொரேலியா: தணிந்து மீண்டும் மீண்டும் வரும் காய்ச்சலை உண்டாக்குவது, பேனும் உண்ணியும் இதனைப் பரப்பும்.

3. லெப்டோஸ்பைரா: நுனி கொளுக்கி போல் வளைந்தது; எலிக்காய்ச்சலை உண்டாக்குவது. 1915ஆம் ஆண்டில் ஜப்பானிய அறிஞர் இனாடாவும் இடோவும் இதனைக் கண்டறிந்தனர்.

முதலிரண்டும் பரவுவதற்கு வயல் வேண்டுவதில்லை. மூன்றாவதோ எலி, மாடு, எருமை, நாய் ஆகியவற்றின் சிறுநீரகத்தில் வாழ்ந்து, சிறுநீருடன் வெளியேறி, ஈரமண்ணிலும் தேங்கிய நீரிலும் பல நாள் உயிருடனிருக்கும். கால்வெடிப்பு, கீறல், கண், வாய் ஆகியவற்றின் வழியே உடலுட் புகும். நீர் தெளிவாயிருப்பது பாதுகாப்புக்கு அடையாளமன்று.

2008ஆம் ஆண்டில் இலங்கையில் 7,000க்கு மேற்பட்டோர் இந்நோய்க்கு ஆளானதாகப் பதிவாயிற்று. 2024 டிசம்பரில், பெருமழைக்குப் பின், யாழ்ப்பாண மாவட்டத்திலும் இந்நோயால் உயிரிழப்பு நேர்ந்தது. சாம்பல்தீவு, நிலாவெளிப் பகுதிக் கமக்காரரும் வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் விழிப்பாயிருத்தல் வேண்டும்.

செய்ய வேண்டியவை:

வரம்புகளிலுள்ள புல்லை வெட்டி, எலி வளைகளை அழித்தல். தோட்டத்தில் அழுகிய காய்கறிகளைக் குவித்து வையாமை. புண்ணை நீர் புகாதவாறு மூடி வயலில் இறங்குதல். இயன்றவரை நீள்சப்பாத்து அணிதல். வயல் நீரில் முகம் கழுவாமையும் வாய் கொப்பளியாமையும். வேலை முடிந்ததும் சவர்க்காரமிட்டுக் கழுவுதல்.

விதைப்புக்கு முன்னரே பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அணுகி, தடுப்புக்கான டொக்சிசைக்கிளின் மாத்திரை பற்றிக் கேட்டறிக. அவர் ஆலோசனையின்றி அதனை உட்கொள்ளலாகாது.

சேற்றில் இறங்கியபின் ஒரு மாதத்துள் கடுங்காய்ச்சல், தலைவலி, கெண்டைக்கால் நோவு, கண்சிவப்பு ஆகியவை தோன்றின், அன்றே வைத்தியசாலைக்குச் செல்க. வயலில் வேலை செய்ததை வைத்தியருக்குத் தவறாது கூறுக. மஞ்சள் நிறம் தோன்றும்வரை, சிறுநீர் குறையும்வரை காத்திருத்தல் ஆபத்து. தொடக்கத்திலேயே மருந்து பெறுவோர் பெரும்பாலும் குணமடைவர். தாமதித்தால் சிறுநீரகமும் நுரையீரலும் பழுதுறும்.