எனக்கு வீசிங்; என் பிள்ளைக்கும் வருமா?

வாய்ப்பு கூடுதல், அவ்வளவுதான். கட்டாயம் வரும் என்றில்லை. பெற்றோரிடமிருந்து இறங்குவது ஆஸ்துமா அல்ல, அதற்கு இடம் கொடுக்கும் உடல்வாகு.

இதற்கென்று ஒரு மரபணு இருக்கிறதா? ஒன்றல்ல. மரபுத்தொகுப்பில் நூற்றுக்கும் அதிகமான இடங்கள் சிறிது சிறிதாகப் பங்களிக்கின்றன. 2007-இல் தெரியவந்த 17-ஆம் குரோமோசோம் (மரபணுக்களைத் தாங்கும் இழை) பகுதி, சிறுவயது ஆஸ்துமாவோடு நெருங்கிய தொடர்புடையது. ஆனால் அதுவும் பலவற்றில் ஒன்றே. ஆகவே, 'உங்கள் பிள்ளைக்கு வரும், வராது' என்று அடித்துச் சொல்லும் பரிசோதனை எதுவும் இன்று இல்லை. அப்படிச் சொல்லி விற்பதற்குக் காசு செலவழிக்காதீர்கள்.

'எதிர்ப்பு சக்தி கம்மி, அதனால்தான்' என்கிறார்களே? பெரும்பாலும் நேர்மாறு. தூசிக்கும் மகரந்தத்துக்கும் உடல் தேவையில்லாமல் பாய்கிறது. அதை அடக்கவேண்டிய ஒழுங்காற்று செல்கள் (எதிர்ப்பு மிஞ்சாமல் பார்ப்பவை) சரியாக அடக்குவதில்லை. சத்து டானிக் இதைத் தீர்க்காது.

மரபணு ஒன்றாக இருந்தும் நோய் மாறுமா? மாறும். அமெரிக்காவில் ஆமிஷ், ஹட்டரைட் என்று இரண்டு விவசாயச் சமூகங்கள். பூர்வீகம் ஐரோப்பா, மரபும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் பள்ளிப் பிள்ளைகளில் ஆஸ்துமா ஆமிஷிடம் 5 சதவீதம், ஹட்டரைட்டிடம் 21. ஆமிஷ் குழந்தைகள் வீட்டை ஒட்டிய மாட்டுத் தொழுவத்தில் புரண்டு வளர்கிறார்கள். ஹட்டரைட் பண்ணைகளோ இயந்திரமயம், வீட்டுக்குத் தள்ளி. ஆமிஷ் வீட்டுத் தூசியில் நுண்ணுயிர் நச்சுக்கூறு ஹட்டரைட் வீட்டைவிடக் கிட்டத்தட்ட ஏழு மடங்கு. இரண்டையும் ஒப்பிட்டு 2016-இல் வெளியான ஆய்வில், அந்தத் தூசி எலிகளையும் ஆஸ்துமாவிலிருந்து காத்தது.

அப்படியானால் பிள்ளையைத் தொழுவத்தில் விடலாமா? வேண்டாம். ஏற்கெனவே இழுப்பு உள்ள பிள்ளைக்குத் தூசி ஆகாது. நகரத்துத் தூசியும் அந்தத் தூசி அல்ல.

உங்களால் தடுக்க முடிந்தது புகை. கர்ப்ப காலத்திலும் பிறகும் வீட்டில் யாரும் சிகரெட் பிடிக்கக் கூடாது. மாடியில் நின்று பிடித்தாலும் சட்டையோடு உள்ளே வரும். கொசுவர்த்திச் சுருளுக்குப் பதில் வலை கட்டுங்கள்.

இன்ஹேலர் பழக்கமாகிவிடாதா? ஆகாது. மருந்து மைக்ரோகிராம் கணக்கில் நேரே மூச்சுக்குழாய்க்குப் போகிறது. ஸ்டீராய்டு இன்ஹேலர் என்றால் இழுத்தபின் வாய் கொப்பளிக்க வேண்டும். மூச்சு நன்றாகிவிட்டதென்று நீங்களாக நிறுத்தாதீர்கள்.

சளியோடு மட்டும் வரும் வீசிங் பல குழந்தைகளுக்கு ஆறு வயதுக்குள் நின்றுவிடும். ஓடினால் இருமல், விடியற்காலை இருமல் என்றால் டாக்டரிடம் போங்கள். வீட்டில் யாருக்கு வீசிங், கரப்பான், அடுக்குத் தும்மல் என்பதைச் சொல்லுங்கள்; இழுக்கும்போது போனில் எடுத்த வீடியோவையும் காட்டுங்கள். கிளினிக் போவதற்குள் சத்தம் அடங்கிவிடுவது வழக்கம்.