மோட்டார் சுத்துது... படகு நகரலையா? ரிமோட் படகுக்கு ஈஸி முதலுதவி!

ரிமோட் படகு நடுக்குளத்தில் நின்றுவிட்டது. மோட்டார் சத்தம் மட்டும் கேட்கிறதா? புது மோட்டார் வாங்கக் கிளம்பிடாதீங்க. கோளாறு பெரும்பாலும் மோட்டாருக்கும் புரொப்பல்லருக்கும் நடுவில்தான் இருக்கும்.

கரைக்கு வந்ததும், முதலில் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். புரொப்பல்லர் திடீரென்று சுற்றினால் விரலைக் கிழித்துவிடும். பிறகு, மோட்டார் பக்கத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு புரொப்பல்லரைத் திருப்பிப் பாருங்கள்.

* புரொப்பல்லர் மட்டும் சுற்றுகிறதா? நட் லூஸ், முடுக்கினால் போதும்.

* ஷாஃப்ட்டும் சேர்ந்து சுற்றுகிறதா? மோட்டாரோடு இணைக்கும் கப்ளிங்கின் ஸ்க்ரூ தளர்ந்திருக்கும். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, ஒரு சொட்டு த்ரெட் லாக்கர் விட்டு முடுக்குங்கள்.

* மோட்டார் பக்கத்துப் பிடியை விட்ட பிறகும் அசையவே இல்லையா? பாசியோ தூண்டில் நரம்போ சிக்கியிருக்கலாம். அதை எடுக்காமல் த்ராட்டிலை அழுத்தினால் மோட்டார் கருகிடும்!

வளையும் கேபிள் ஷாஃப்ட், சுமையில் முறுக்கேறி லேசாகக் குட்டையாகும். அதனால் ஸ்ட்ரட்டுக்கும், புரொப்பல்லரைத் தாங்கும் டிரைவ் டாக்குக்கும் நடுவே 2-3 மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். இல்லாவிட்டால் இரண்டும் உரசி, கேபிளே அறுந்துபோகலாம்.

ஓட்டி முடித்ததும் கேபிளை உருவித் துடைத்து, தண்ணீரில் கரையாத கிரீஸ் தடவுங்கள். உராய்வும் குறையும், குழாய் வழியே படகுக்குள் தண்ணீர் ஏறுவதும் குறையும். அஞ்சு நிமிஷ வேலைதான்!